புகைப்படத்தில் ஒரு கட்டம், மண்ணில் ஒரு கட்டம்

காகிதத்தில் வரைகிறவருக்கு வேலை எளிது. புகைப்படத்தின் மேல் பத்துக் கட்டம் போட்டால் தாளிலும் பத்துக் கட்டம். தாள் இரண்டு மடங்கு பெரியதா, நான்கு மடங்கா என்பது அவர் விருப்பம். போட்ட கோடு போட்ட இடத்திலேயே இருக்கும். மண்ணில் வரைகிறவருக்கு அந்த நிம்மதி இல்லை. அவர் கோடு போடும் பரப்பு காயும்போது ஒருமுறை சுருங்குகிறது, சூளையில் இன்னொருமுறை சுருங்குகிறது. அதனால் பீங்கான் வேலைக்குக் கட்ட முறையைப் பழகுகிறவர்கள், ஓவியப் புத்தகங்கள் சொல்லும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் மண்ணின் கட்டம் எவ்வளவு என்று தீர்மானியுங்கள். படத்தின் கட்டம் அதற்குப் பிறகு.

இந்த அத்தியாயத்தை விருத்தாசலத்தை வைத்தே எழுதுகிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் வெள்ளைக் களிமண் உண்டு. பக்கத்தில் இருந்த அந்த மண்தான் விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கியது. இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. கொலு பொம்மை, கைக்கடக்கப் பிள்ளையார், கார்த்திகை அகல் என்று பலவும் இங்கிருந்து வெளியூர் போகின்றன. பெரும்பாலும் எல்லாம் பிளாஸ்டர் அச்சில் வார்ப்பவை. ஆனால் அச்சு எடுக்க முதலில் ஒரு மாதிரி வேண்டும். அந்த மாதிரியைச் செய்யும்போதுதான் படமும் கட்டமும் தேவைப்படுகின்றன. டைலில் சித்திரம் வரைவதானால் ஒவ்வொரு வேலைக்கும் தேவைப்படும்.

கட்டம் போட்டு வரைவது குறுக்கு வழி, கை வராதவர்களின் உதவிக்கோல் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் எகிப்தில் தேபஸ் நகரக் கல்லறைகளில் பாதியில் விட்ட சுவர்களில் செந்நிறக் கட்டக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. நிற்கும் மனித உருவத்துக்கு உள்ளங்கால் முதல் நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை 18 கட்டம் என்பது அவர்கள் வைத்திருந்த கணக்கு. நம் ஸ்தபதிகள் சதுரக் கட்டம் போடவில்லை. உருவத்தின் உயரத்தையே பகுத்து அங்குலம் என்ற அலகை உண்டாக்கினார்கள். 12 அங்குலம் ஒரு தாளம். நவதாளத்தில் 108 அங்குலம், உத்தம தசதாளத்தில் 124 அங்குலம். சுவாமிமலையில் தென்னை ஓலை நறுக்கை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அந்தப் பகுப்பைக் கண்டுகொள்வார்கள். சென்னையில் சினிமா பேனர் எழுதியவர்கள் உள்ளங்கையளவு ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் இருபது அடி, நாற்பது அடித் துணியில் அதே முகத்தைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் யாருக்கும் கை வராமல் இல்லை. பெரிய வேலையில் கண் ஏமாறும் என்பது தெரிந்ததால் அளவை நம்பினார்கள்.

மண் சொல்லும் எண்

நீங்கள் பயன்படுத்தும் மண்ணில் பட்டை ஒன்று செய்யுங்கள். நீளம் ஒரு சாண், அகலம் இரண்டு விரல், கனம் உங்கள் டைலின் கனம். ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் மிகச் சரியாக 100 மி.மீ. இடைவெளியில் ஊசியால் இரண்டு கீறல் போடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் அந்த இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் சூளையான பிஸ்கட் சூட்டுக்குப் பிறகு ஒருமுறை, கிளேஸ் போட்டு எடுத்த பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்று எண் கிடைக்கும்.

ஓர் உதாரணத்துக்கு, காய்ந்தபின் 94, பிஸ்கட்டில் 93.5, கடைசியில் 88 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சுருக்கம் 12 சதவீதம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 12 சதவீதம் சுருங்குகிறது, ஆகவே 12 சதவீதம் கூட்டிச் செய்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. 300 மி.மீ. வேண்டிய இடத்தில் 336 மி.மீ. செய்தால் சூளையிலிருந்து வருவது 296 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கத்தில் 4 மி.மீ. குறைந்தால், சுவரில் ஒட்டும்போது பக்கத்து டைலோடு கோடு சேராது. சரியான வழி, வேண்டிய அளவை 0.88ஆல் வகுப்பது. 300க்கு 341 வரும்.

இந்த எண் உங்கள் மண்ணுக்கு மட்டும் உரியது. பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் எந்த அளவில் சேர்கின்றன, எவ்வளவு தண்ணீர், சூளை எவ்வளவு சூடேறியது என்பதைப் பொறுத்து எண் மாறும். புது மண் மூட்டை பிரிக்கும்போதெல்லாம் ஒரு பட்டை செய்து பார்ப்பது நல்ல பழக்கம்.

மூன்று எண் எதற்கு என்றால், மண் எந்த நிலையில் இருக்கும்போது நீங்கள் கோடு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மீதமிருக்கும் சுருக்கம் மாறும். ஈர மண்ணில் கோடு போடுகிறவருக்கு முழுச் சுருக்கமும் பாக்கி. பிஸ்கட்டில் வரைகிறவருக்கு, மேலே சொன்ன உதாரணப்படி, 93.5இலிருந்து 88 வரையிலான சுருக்கம்தான் பாக்கி. கிளேஸ் சுட்டு முடித்த டைலின் மேல் வண்ணம் தீட்டுகிறவருக்குச் சுருக்கமே இல்லை. காகிதத்தில் வரைவதும் அதுவும் ஒன்றுதான். முடிந்த வேலையில் ஒரு கட்டம் 30 மி.மீ. இருக்க வேண்டுமானால் ஈர மண்ணில் 34.1 மி.மீ., காய்ந்த மண்ணில் 32 மி.மீ., பிஸ்கட்டில் 31.9 மி.மீ., கிளேஸ் மேல் 30 மி.மீ. இதை ஒரு அட்டையில் எழுதி வேலை மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

எந்தப் படம்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு மாதிரிப் படம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பழமலைநாதர் கோயிலின் கோபுர வாசல்களில் கரணங்கள் எனப்படும் நாட்டிய நிலைகளின் சிற்பங்கள் இருக்கின்றன. தஞ்சாவூர், சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி கோயில், திருவண்ணாமலை, விருத்தாசலம் என்று கரணங்களை வரிசையாகச் செதுக்கிய கோயில்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. ஒவ்வொரு கரணமும் அதற்கென்று ஒதுக்கிய சதுரத்துக்குள் அடங்கியிருப்பதால் டைலுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. இந்த ஊர்ப் பீங்கானில் இந்தக் கரணங்களை இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே கோயில் அலுவலகத்தில் காரணத்தைச் சொல்லி, அனுமதி வாங்கிய பிறகே படம் எடுங்கள். பழைய சிற்பத்துக்கு உரிமையாளர் தேட வேண்டாம். ஆனால் இன்றைய கலைஞர் ஒருவரின் ஓவியத்தையோ பொம்மையையோ படம்பிடித்துக் கட்டம் போடுவதானால் அவரிடம் கேட்டாக வேண்டும்.

எடுக்கும் விதம் முக்கியம். கட்டத்தால் படத்தை மண்ணுக்கு மாற்ற முடியும், படத்தில் உள்ள கோணலைத் திருத்த முடியாது. கிட்டப்போய் எடுத்தால் நடுவில் இருப்பது உப்பித் தெரியும். மூக்கும் முழங்காலும் பெரிதாகிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். கைப்பேசி சிற்பத்தின் நடு உயரத்தில், சுவருக்கு இணையாக இருக்கட்டும். தலைக்கு மேலே உள்ள சிற்பத்தை அண்ணாந்து எடுத்தால் மேல்பக்கம் குறுகிவிடும். வாசல் சுவரில் மேல் வரிசைகளை விட்டுவிட்டு, கண்மட்டத்தில் இருக்கும் வரிசையிலிருந்து தேர்ந்தெடுப்பதே நல்லது. ஃபிளாஷ் கூடவே கூடாது. புடைப்புச் சிற்பத்தின் உயிர் நிழலில் இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் இடுப்பின் வளைவு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் ஒரே பரப்பாகிவிடும்.

படத்துக் கட்டம்

இப்போது ஒரு முழு வேலையை எடுத்துக்கொள்வோம். முடிந்தபின் 150 மி.மீ. சதுர டைல்கள், அகலத்தில் மூன்று, உயரத்தில் நான்கு. மொத்தம் 450க்கு 600 மி.மீ. அகலத்தில் மூன்று என்பதைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். இரண்டு என்று வைத்தால் நடு இணைப்பு நர்த்தகியின் முகத்தின் வழியாகப் போகும். டைல் இணைப்பு கண்ணிலோ வாயிலோ விரல் நுனியிலோ விழக்கூடாது. படத்தை வெட்டும்போதே இதைப் பார்த்துச் சற்று நகர்த்திக்கொள்ளலாம்.

மூன்றுக்கு நான்கு என்பது பெரும்பாலான கைப்பேசிப் படங்களின் விகிதமும்கூட. 12 மெகாபிக்சல் படம் நிமிர்ந்த வாக்கில் 3000க்கு 4000 பிக்சல். 200 பிக்சலுக்கு ஒரு கோடு போட்டால் குறுக்கே 15 கட்டம், நெடுக்கே 20 கட்டம். ஒரு டைலுக்கு ஐந்துக்கு ஐந்து. கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஃபில்டர்ஸ், ரெண்டர், பேட்டர்ன், கிரிட் என்று போய் இடைவெளி 200 என்று கொடுத்தால் முடிந்தது. கோட்டின் கனம் 5 பிக்சல் போதும். தடித்த கோடு போட்டால் விரல்கள் கோட்டுக்கு அடியில் காணாமல் போகும். கருங்கல் படத்துக்கு மஞ்சளோ வெள்ளையோ நன்றாகத் தெரியும். வெளிறிய படத்துக்குச் சிவப்பு. டைல் எல்லை விழும் ஒவ்வொரு ஐந்தாவது கோட்டையும் வேறு நிறத்தில் தடித்துக் காட்டுங்கள். முகம் இருக்கும் இடத்தில் கோடே வேண்டாம் என்று தோன்றினால், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் கோடுகள் வெட்டும் இடங்களில் மட்டும் புள்ளி வைக்கலாம்.

கணினி இல்லாதவர்கள் ஜெராக்ஸ் கடையில் வெறும் கட்டத்தை மட்டும் ஓ.எச்.பி. ஷீட்டில் எடுத்துக்கொள்ளலாம். படத்தின் மேல் வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டினால் போதும். ஒரு ஷீட் வருடக்கணக்கில் வரும், எந்தப் படத்துக்கும் பொருந்தும். என்னைக் கேட்டால் மாணவர்களுக்கு இதுதான் சிறந்தது. ஷீட்டை நகர்த்தி நகர்த்தி உருவம் எங்கே அழகாக அமர்கிறது என்று தேடலாம். லேசர் பிரிண்டருக்கு, சூடு தாங்கும் ஷீட்தானா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் தாள் உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும்.

மேலே குறுக்காக அ, ஆ, இ என்றும் பக்கவாட்டில் 1, 2, 3 என்றும் எழுதுங்கள். பதினைந்து பத்தி இருப்பதால் நடுக்கோடு எட்டாவது பத்தியின் மத்தியில் விழும். அந்த ஒரு கோட்டைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்தபதிகள் பிரம்மசூத்திரம் என்று சொல்லும் நடுத் தூக்குக்கோடு அது. கரணத்தில் உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாயும், இடுப்பு ஒடியும், ஒரு கால் தூக்கி நிற்கும். எவ்வளவு சாய்கிறது என்பதை அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க முடியும். உருவத்தின் எடையைத் தாங்கும் பாதம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று முதலில் குறித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மண்ணுக்கு மாற்றுதல்

புகைப்படத்தில் கட்டம் 10 மி.மீ. இருந்தாலும் 9.6 மி.மீ. இருந்தாலும் கவலையில்லை. கட்டங்களின் எண்ணிக்கைதான் பேசும். சதுரமாக இருந்தால் போதும். மண்ணுக்கு வைக்கும் தாள் அப்படியல்ல. ஈர மண்ணில் ஒரு டைல் 170.5 மி.மீ. சதுரம், அதற்குள் 34.1 மி.மீ. கட்டம் ஐந்துக்கு ஐந்து. 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 தாளில் ஒரு டைல் தாராளமாக அடங்கும். இந்தத் தாளை அச்சிடும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு, உண்மை அளவு அல்லது 100 சதவீதம் என்று வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரத்தில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைச் சேர்த்து வரைந்துவையுங்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் அதன்மேல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 97 காட்டினால் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டியதுதான்.

பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றிலும் படத்தைப் பார்த்து, கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரையுங்கள். கோடு கட்டத்தின் எந்தப் பக்கத்தில் நுழைகிறது, எந்தப் பக்கத்தில் வெளியேறுகிறது என்று முதலில் புள்ளி வைத்துக்கொண்டு, பிறகு சேருங்கள். கை விரல், முகம் போன்ற நெருக்கமான கட்டங்களில் மட்டும் மூலைவிட்டம் போட்டு நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். படம் முழுக்கக் கட்டத்தைச் சிறிதாக்குவது வேண்டாத வேலை. கோடுகளின் கூட்டத்தில் உருவம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

படத்தையே 170.5 மி.மீ. துண்டுகளாகப் பெரிதாக்கி அச்சிட்டுவிட்டால் எதற்கு வரைய வேண்டும் என்று கேட்பீர்கள். செய்யலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பல நூற்றாண்டு வெயிலும் எண்ணெயும் கைகளும் பட்ட சிற்பம் அது. புகைப்படத்தில் சிதைவும் அழுக்கும் நிழலும் உருவமும் ஒரே மாதிரித்தான் பதியும். இது சலங்கை, இது கல்லின் பொரிவு என்று பிரித்துச் சொல்ல ஒரு கை வேண்டும். கட்டம் போட்டு வரையும்போது ஒவ்வொரு சதுரத்திலும் நீங்கள் அந்த முடிவை எடுக்கிறீர்கள். அதனால்தான் கட்ட முறையில் வரைந்த கரணத்தில் செதுக்கியவரின் எண்ணம் கொஞ்சமாவது மிஞ்சுகிறது.

வரைந்த கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுங்கள். மண் தொட்டால் ஒட்டாமல், அழுத்தினால் பதியும் பதத்துக்கு வந்ததும் தாளை அதன்மேல் விரித்து, கரித்தூள் கட்டிய மெல்லிய துணி முடிச்சால் தட்டுங்கள். துளை வழியே புள்ளிகள் இறங்கும். கரி சூளையில் எரிந்துபோகும், கறை தங்காது. ஆனால் இந்தப் பதத்துக்கு வருவதற்குள் மண் கொஞ்சம் சுருங்கியிருக்கும். டைலை இந்தப் பதத்தில்தான் வெட்டவும் கோடு போடவும் போகிறீர்கள் என்றால், சோதனைப் பட்டையிலும் கீறல்களை இதே பதத்தில் போட்டுக் கணக்கிடுங்கள். ஈர மண் எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்தாதீர்கள்.

பிஸ்கட்டில் வரைவதானால் பென்சிலால் நேரடியாகக் கட்டம் போடலாம். மெல்லிய பென்சில் கோடு சூளையில் எரிந்துவிடும். அழுத்திப் போட்ட கோட்டின் மேல் கிளேஸ் சரியாக உட்காராமல் போகக்கூடும் என்பதால் ஒரு உடைந்த துண்டில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பொம்மைக்கும் கோப்பைக்கும்

பொம்மை மாதிரி செய்கிறவருக்கு ஒரு படம் போதாது. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் எடுத்தவை. இரண்டிலும் படுக்கைக் கோடுகள் ஒரே இடத்தில் விழ வேண்டும். முன்படத்தில் மூக்கு நுனி ஐந்தாவது கோட்டில் இருந்தால் பக்கப் படத்திலும் ஐந்தாவது கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இணைப்பு தவறினால் முகம் முன்னால் பார்க்க அழகாகவும் பக்கத்தில் வேறொருவராகவும் தெரியும். சுட்ட சின்னஞ்சிறு பொம்மைக்குக் கண்ணும் வாயும் எழுதும்போது கட்டம் எதுவும் வேண்டாம். கண்ணுக்கு ஒன்று, மூக்கு நுனிக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என மூன்று படுக்கைக் கோடு போதும். மற்றதைப் பழகிய கை பார்த்துக்கொள்ளும்.

கோப்பையில் ஸ்கேல் வேலை செய்யாது. காகித நாடா ஒன்றை வாய்ப்பகுதியைச் சுற்றிக் கட்டி, நுனி தொடும் இடத்தில் வெட்டி, மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் எட்டுப் பகுதி. அடிப்பகுதிக்கும் தனி நாடா. மேலே எட்டு, கீழே எட்டு என்று சேர்த்தால் கீழே குறுகும் கட்டங்கள் கிடைக்கும், உருவமும் அதற்கேற்பக் குறுகும். 80 மி.மீ. விட்டமுள்ள கோப்பையின் சுற்றளவு 251 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலமாகப் படம் வைத்தால் ஓரங்கள் வளைவுக்குள் போய்விடும். 80 மி.மீ.க்குள் அடக்குங்கள்.

கடைசியாக, மறுபடி டைலுக்கு வருவோம். டைல்களைச் சூளைக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அதன் வரிசை எண்ணை எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் எரிந்துபோகும். பன்னிரண்டு டைலும் அடையாளம் இல்லாமல் வெளியே வரும். ஈரமாக இருக்கும்போதே ஊசியால் கீறுங்கள், அல்லது இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் எழுதுங்கள். எந்தப் பக்கம் மேலே என்பதற்கு ஒரு அம்புக்குறியும் போடுங்கள்.